லங்காஷயரில் ஒரு நலங்கு

1

அந்த யோசனை எனக்கு உதித்தது ஒரு விளக்குக் கம்பத்துக்கு எதிரில். நெசவுப் படிப்புக்காக இங்கிலாந்து வந்து மில்லில் தொழில் பழகுகிறவன் நான்; அன்று மில் விட்டு, குளிரில் காதைப் பொத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். கம்பத்தில் ஒரு வாலிபனைக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். இடுப்புக்கு மேலே துணி கிடையாது. முகம், மார்பு, தலைமயிர் எல்லாம் தறிக்குப் போடுகிற கறுப்பு கிரீஸ். அதன்மேல் கோழி இறகு. சுற்றிலும் அவனுடைய சிநேகிதர்கள் தள்ளாடிக்கொண்டு பாடினார்கள். நான் போலீஸைத் தேடித் திரும்பினால், போலீஸ்காரரும் அங்கேதான் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

என்னோடு அதே ஷெட்டில் தறி ஓட்டும் ஜாக் கூட்டத்திலிருந்து வந்தான்.

"இன்னா ஸாமி, பயந்துட்டியா? ஒண்ணுமில்ல. நாளைக்கு அவனுக்குக் கல்யாணம்."

"கல்யாணம்னா கட்டி வெச்சு கிரீஸ் பூசுவீங்களா?"

"ஆங். பின்ன? நாளையிலிருந்து பொண்டாட்டிக்காரன் ஆச்சே. கடைசி ராத்திரி சந்தோசமா இருக்கட்டும்னுதான்."

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஜாக் பேசியது இங்கிலீஷ். ஆனால் நம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அல்ல. இந்த நெசவு ஊர்களுக்கே உரிய, பாதி எழுத்தை முழுங்குகிற இங்கிலீஷ். லண்டன்காரர்கள் இதைக் கேட்டு மூக்கைச் சுளிக்கிறார்கள், மதராஸ்காரர்கள் நம் பேச்சைக் கேட்டுச் சுளிப்பது போல. ஆகையால் இவர்கள் பேச்சை நம் திருத்தணிப் பேச்சிலேயே எழுதுகிறேன். அதுதான் நியாயமான மொழிபெயர்ப்பு.

யோசனைக்கு வருகிறேன். கிரீஸ் வழியும் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று பட்டது: இது நலங்கு! மஞ்சளும் எண்ணெயும் மறந்துபோய், பாட்டு மறந்துபோய், பெண்கள் எல்லாரையும் வெளியே துரத்திவிட்டு, குடிகாரர்கள் கையில் சிக்கிச் சீரழிந்துபோன நலங்கு! சந்திரனுக்குப் போக வழி கண்டுபிடிக்கப் போகிறோம் என்று பேசுகிற ஜாதி, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மனிதனை என்ன செய்வதென்று தெரியாமல் கம்பத்தில் கட்டுகிறது. நான் கற்றுத் தருகிறேன் வாருங்கள் என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

2

நம் ஊர் நலங்கு மட்டும் என்ன வாழ்ந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

என் அண்ணன் கல்யாணம் நினைவிருக்கிறது. மலைமேல் முகூர்த்தம். நைனாவும் மாமாவும் ஒரு மாதம் முழுக்க நூல் கடையிலேயே உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். யாருக்கு முதல் தாம்பூலம், யார் வீட்டுக்கு வண்டி அனுப்புவது, யார் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொண்டால் யார் போய்க் கூப்பிடுவது. யுத்தத்துக்குக்கூட அத்தனை ஏற்பாடு நடந்திருக்காது. அத்தனைக்கும் பிறகு பள்ளிப்பட்டுப் பெரியம்மாவை இரண்டாவதாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அவர் வரவேயில்லை. இவ்வளவிலும் ஒரே ஒருவனை யாரும் எதையும் கேட்கவில்லை. அவன் மாப்பிள்ளை.

நலங்குக்கு மணையில் உட்கார வைத்தபோது அண்ணன் மெதுவாக, அக்காள் புருஷரைப் பார்த்துக் கேட்டான். ஆர்.கே.பேட்டைக்காரர், பெண் பார்க்கப் போனவர்களில் அவரும் ஒருவர்.

"பாவா, நீங்க பொண்ணப் பாத்தீங்களே. எப்டிப் பேசுவா?"

"அவ எப்டிப் பேசுவான்னு ஆயுசு முச்சூடும் கேக்கப் போற. இப்ப வாய மூடு, மஞ்சா உள்ள பூடும்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தை ஒரு கை மஞ்சளை அள்ளி வாயோடு சேர்த்துப் பூசினாள். "ஆடாத உக்காருடா. அபிசேகம் பண்ணச் சொல்லோ சாமி ஆடுதா?"

ஆண்கள் பக்கத்துக் கொண்டாட்டம் அதைவிட அற்பம். முன்பெல்லாம் மச்சான்மார் மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றிக் கள்ளுக்கடைக்கு அழைத்துப் போவார்களாம். நம் சித்தூர் ஜில்லாவில்தான் மதுவிலக்கு வந்துவிட்டதே. அதற்குப் பிறகு நடந்த கல்யாணங்களில் மச்சான்மார் எல்லாரும் சோடாக் கடைக்குப் போய், ஆளுக்கு ஒரு கோலி சோடா குடித்துவிட்டு, தோளில் தோள் போட்டுத் தள்ளாடிக்கொண்டு திரும்பினார்கள். குடித்துவிட்டு ஆடுகிறவனை மன்னிக்கலாம். சோடா குடித்துவிட்டு ஆடுகிறவனை என்ன செய்வது?

3

கிரீஸ் பூசிய கல்யாணம் முடிந்த மறுவாரம் ஜாக் என் தறியருகே வந்து நின்றான். தறிச் சத்தத்தில் இங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைத்தே பேசுகிறார்கள். அது எனக்கு இன்னும் சரியாக வராது. கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான்.

"ஸாமி, எனக்கும் எல்ஸிக்கும் நாள் குறிச்சாச்சு. கல்யாணத்துக்கு முன்னால பண்ற ஏற்பாட்ட நீதான் பண்ணணும்."

"நானா? உன் சிநேகிதக்காரங்க இல்ல?"

"அவனுங்க பண்ணா எனக்கு வீடு போச்சு."

விஷயம் இதுதான். எல்ஸியின் தகப்பனார் ஹோல்ட் எங்கள் ஷெட்டுக்கு மேஸ்திரி. கோட்டுப் பித்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஞாயிறு இரண்டு வேளையும் ஜெபக் கூடத்துக்குப் போகிறவர். அவருடைய தம்பி குடித்தே செத்தான். ஜாக்கும் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன்தான். எல்ஸிக்காக விட்டு ஒரு வருஷமாகிறது. ஹோல்ட் அரைமனதாகச் சம்மதித்து, தம் வீட்டு மாடி அறையை அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: ஒரு சொட்டு தொடக் கூடாது.

மாடி அறை என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இங்கே யுத்தத்தில் குண்டு விழுந்து வீடுகள் போய்விட்டன. புதிதாகக் கட்டுவது நத்தை வேகம். வீடு கேட்டு முனிசிபாலிட்டியில் பெயர் பதிந்துவிட்டுப் பிள்ளை பெற்று, பிள்ளை நடக்கிற வரைக்கும் காத்திருக்கிறார்கள். அறை இல்லையேல் கல்யாணம் இல்லை. எல்ஸி அப்படித்தான் சொல்லிவிட்டாளாம். அவளுடைய அக்காள் கல்யாணமாகியும் புருஷன் ஒரு வீட்டில், தான் ஒரு வீட்டில் என்று இரண்டு குளிர்காலம் கழித்தவள்.

"நீ குடிக்காத ஊர்க்காரன். நீ பண்றன்னா கெழவர் நம்புவாரு," என்றான் ஜாக்.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நம் வழக்கப்படி முதலில் பெண் வீட்டாரை அழைக்க வேண்டாமா? வெற்றிலைக்கு எங்கே போவது! ஒரு தட்டில் நாலு ஆப்பிளும் ஒரு பொட்டலம் தேயிலையும் வைத்து ஹோல்ட் வீட்டுக்கு எடுத்துப் போனேன். தேயிலையும் ரேஷன்தான். ரேஷன் புத்தகம் வாங்கப் போன நாளில் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, முன்னால் இருக்கும் எழுத்து ஊர்ப் பெயர் என்று விளக்கினேன். குமாஸ்தா யோசித்து, 'மிஸ்டர் திருத்தணி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மலையோடு சேர்த்து நான் வாராவாரம் சர்க்கரை வாங்குகிறேன்.

ஹோல்ட் தட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இது?"

"வியாழக்கிழமை சாயந்தரம் ஜாக்குக்கு ஒரு சடங்கு வெச்சிருக்கேங்க. லெமனேடுதாங்க. நீங்க வரணும்."

"வாலிபப் பசங்க கூத்துக்கு நான் எதுக்கு? நீ லெமனேடுன்ற. சரி. வெள்ளிக்கெழம காலையில ஷெட்டுல அவன் மூஞ்சியப் பாப்பேன். மூஞ்சி பொய் சொல்லாது."

தட்டை வாங்கிக்கொண்டார்; கதவு மூடிக்கொண்டது. தட்டை மட்டும் எல்ஸி பின்வாசல் வழியாக வந்து திருப்பிக் கொடுத்தாள். "தேயிலைய நான் எடுத்துகினேன்," என்று கண்ணடித்தாள்.

4

மஞ்சள் கிழங்கு என்னிடம் இருந்தது. அம்மா சாம்பார்ப் பொடிக்கென்று மிளகாயோடு அனுப்பியது. அம்மியில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாளின் வாசற்படிதான் நல்ல கல். அதில் இழைத்தேன். அந்த அம்மாள் தினமும் முழங்காலில் நின்று தேய்த்து வெளுப்பாக்குகிற படி அது. பிறகு நான் வாங்கிய திட்டை இங்கே எழுத வேண்டாம். எண்ணெய்க்கு மருந்துக் கடைக்குப் போனேன். ஆமாம், மருந்துக் கடைதான். இந்த நாட்டில் எண்ணெய் என்பது காதில் விடுவதற்காகச் சின்னக் குப்பியில் விற்கிற பொருள்.

வியாழக்கிழமை மில் விட்டதும் அந்த வீட்டுப் பின்கட்டு முற்றத்தில் ஆறு பேர் கூடினார்கள். கூட்டத்துக்குத் தலைவன் ஆர்தர். விளக்குக் கம்பத்துக்குக் கயிறு கொண்டுவந்தவனும் அவன்தான்.

"இன்னா ஸாமி, லெமனேடா? எங்க ஊருல சாவு வீட்டுலகூட பீர் ஊத்துவாங்க!"

"இது சாவு வீடு இல்ல ஆர்தர். நீங்கதான் கல்யாணத்த சாவு மாதிரி கொண்டாடறீங்க."

"ஒருத்தன் சொதந்தரம் போவுது. அழ வேணாமா?"

இதுதான் எனக்குப் புரியாத இடம். கல்யாணம் என்றால் ஏதோ ஜெயிலுக்குப் போவதுபோல இவர்கள் பேசுவார்கள். ஆனால் இந்த ஜாக்தான் எல்ஸி பின்னால் மழையில் மூன்று வருஷம் அலைந்து, கெஞ்சிச் சம்மதம் வாங்கினவன். தானே தேர்ந்தெடுத்த ஜெயில்! நம் பக்கம் தேர்ந்தெடுக்கவே விடாமல் உள்ளே தள்ளிவிட்டு, மங்களம் என்று மேளம் கொட்டுகிறார்கள். அழ வேண்டியவன் அங்கே அழுவதில்லை. சிரிக்க வேண்டியவன் இங்கே ஒப்பாரி வைக்கிறான்.

ஜாக்கை வீட்டுக்காரம்மாளின் கட்டிங் போர்டு மேல், அதாவது மணைமேல், உட்கார வைத்தேன். கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் ஆர்தரின் முகம் மலர்ந்தது.

"பூசலாமா? எங்க வேணாலுமா?"

"முகம், கை, கால். மெதுவா. பாட்டுப் பாடிக்கினே பூசணும்."

மெதுவாவது! ஆறு முரட்டு நெசவாளிகள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அடித்தார்கள். பாட்டு என்று கால்பந்து மைதானத்துக் கூச்சலைப் பாடினார்கள். ஆனால் ஒரு சொட்டு பீர் இல்லை. ஜாக் வாய் நிறைய மஞ்சளோடு சிரித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஜாக் சோப்புப் போட்டு முகம் கழுவினான். கழுவக் கழுவ முகம் குங்குமமாய்ச் சிவந்தது. மஞ்சள்மேல் சோப்பிலுள்ள காரம் பட்டால் சிவக்கும் என்பது சாயப் பாடத்தில் முதல் அத்தியாயம். தண்ணீர் விட்டதும் சிவப்பு போய் மறுபடி மஞ்சள். இன்னொரு தடவை தேய்த்தான். மறுபடி மஞ்சள்.

"காலையில பூடும்," என்றேன். நம் ஊரில் போய்விடுமே. நம் தோலில் பூசினால் மறுநாள் யாருக்கும் தெரியாது. வெளுத்த நூல் எப்படிச் சாயம் குடிக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறிய எனக்கு, ஜாக்கின் தோல் வெளுத்த நூல் என்பது அன்று உறைக்கவில்லை.

5

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டில் ஜாக் பழுத்த மாம்பழம் மாதிரி நின்றான். ஹோல்ட் வந்தார். பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. தறிச் சத்தத்தில் நான் முதல் தடவையாக உதட்டைச் சரியாகப் படித்தேன்.

"அறை கெடையாது."

மஞ்சள் காமாலை! குடித்துக் குடித்து ஈரல் கெட்டவன் முகம்! அவர் தம்பி அந்த நிறத்தில்தான் செத்தானாம். ஒரு சொட்டும் தொடாத ஒரே ஒரு மாப்பிள்ளையை இந்த ஊர் கண்டது. அவனை நான் குடிகாரனாக்கி அனுப்பிவிட்டேன்.

மில் விட்டதும் மீந்த மஞ்சள் கிண்ணத்தையும் ஒரு சோப்புக் கட்டியையும் எடுத்துக்கொண்டு ஜாக்கோடு ஹோல்ட் வீட்டுக்கு ஓடினேன். எல்ஸி கதவைத் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மறுநாள் காலை அவளுக்குக் கல்யாணம்.

"ஐயா, இது ஒரு கெழங்குங்க. எங்க ஊருல மாப்பிள்ளைக்குப் பூசறது. இவன் ஒண்ணும் குடிக்கலிங்க," என்றேன்.

"நீ படிச்சவன். சிநேகிதனுக்காக எதுவும் சொல்லுவ."

"பாருங்க!" என்று ஜாக்கின் கன்னத்தில் ஈரச் சோப்பைத் தேய்த்தேன். சிவந்தது. "எந்த ஈரலுக்குங்க இப்டி நெறம் மாறத் தெரியும்?"

"சந்தைக்கு சந்த வித்தை காட்றவன் இதவிட நல்லாப் பண்ணுவான்." ஹோல்ட் என்னைப் பார்க்கவேயில்லை, ஜாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். "என் தம்பியும் அம்மாகிட்ட ஆயிரம் காரணம் சொன்னான். நானும் நம்பிகினே இருந்தேன். தூக்கிப் பொதைக்கிற வரிக்கும் நம்பினேன். என் பொண்ண நம்ப வெக்க மாட்டேன்."

ஜாக் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினான்.

எல்ஸி முன்னால் வந்தாள். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். நாலு விரலையும் உள்ளே விட்டு, இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் அழுத்தமாக இழுத்துப் பூசிக்கொண்டாள். தகப்பனார் முன்னால் போய் நின்றாள். அவள் அவரைக் கூப்பிட்ட சொல்லுக்கு எங்கள் வீட்டுச் சொல்தான் பொருந்தும்.

"இப்ப சொல்லு நைனா. நான் எந்தக் கடையில குடிச்சேன்?"

"ஏய், இன்னா பண்ற! விடிஞ்சா உனக்குக் கல்யாணம்!"

"ஆங். அதான் பூசிகினேன்."

ஹோல்ட் கைக்குட்டையை எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. கைக்குட்டையைப் பார்த்தார், ஜாக்கைப் பார்த்தார், மறுபடி மகளைத் துடைத்தார். பிறகு மாடிப்படி ஏறிப் போனார். மேலே கட்டில் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அலமாரிய எந்த செவுத்துல வெக்கணும்னு மேல வந்து சொல்லுங்க," என்று மேலிருந்து குரல் வந்தது. "அந்த வித்தைக்காரன வூட்டுக்கு அனுப்பிடு."

6

ஜெபக் கூடத்தில் மணமக்கள் இருவரும் மஞ்சளாக நின்றார்கள். பாதிரியார் புத்தகத்தைப் படிப்பதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தார். பின்வரிசையில் ஒரு கிழவி, இரண்டு பேருக்கும் ஒரே வியாதியா என்று உரக்கவே கேட்டாள். விருந்தில் மூன்றடுக்குக் கேக் ஒன்று வைத்திருந்தார்கள்; கிட்டப் போய்ப் பார்த்தால் அட்டை! சர்க்கரைப் பஞ்சத்தில் வாடகைக்கு எடுத்த அட்டை மூடி. தூக்கினால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு நிஜ கேக். போட்டோ எடுத்தார்கள். அதில் மஞ்சள் தெரியாது. நாளைக்கு இவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

ஆர்தர் என் தோளில் தட்டினான். "ஸாமி, வசந்தத்துல என் கல்யாணம். அந்த மஞ்சா எனக்கும் வேணும். நாங்க பீருல கொழைச்சுக்கறோம்." இப்படித்தான் இந்த ஊரில் ஒரு சடங்கு பிறக்கும், பிறந்த அன்றே சீரழியும்.

ஆனால் ஒன்று என்னை விடவில்லை. நம் பக்கம் மாப்பிள்ளைக்குப் பூசி மீந்த மஞ்சளைத் தட்டில் வைத்துப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதைத்தான் பெண்ணுக்குப் பூசுவார்கள். நான் எல்ஸிக்கு அதைச் சொல்லவேயில்லை. எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன். எல்லாப் பெண்ணுக்கும் யாரோதான் பூசினார்கள், தலையைப் பிடித்துக்கொண்டு. தன் கையால் தானே எடுத்துப் பூசிக்கொண்ட பெண்ணை இந்த ஊரில்தான் பார்த்தேன், அதுவும் ஒரு சண்டைக்கு நடுவில்.

நைனா எழுதியிருக்கிறார். பொதட்டூர்பேட்டை மாமா மகள் சரோஜாவை எனக்கு முடிவு செய்தாகிவிட்டதாம். தை மாதத்துக்குள் படிப்பை முடித்துக்கொண்டு வர வேண்டுமாம். முதல் தாம்பூலம் இந்தத் தடவை பள்ளிப்பட்டுப் பெரியம்மாவுக்குத்தானாம், அதைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாமாம்! என்னைக் கேட்கவில்லை. சரோஜாவைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அவளை, தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு என் சட்டைப்பையில் நூல் கழிவைத் திணித்த சிறுமியாகத்தான் தெரியும். ஐந்தாவது வரை படித்தாள். எழுதத் தெரியும்.

அம்மா அனுப்பியதில் இன்னும் ஒரு கிழங்கு மீதி இருக்கிறது. திங்கட்கிழமை தபாலாபீஸ் திறந்ததும் அதைப் பொட்டலம் கட்டி, நைனா பெயருக்கும் அல்ல, மாமா பெயருக்கும் அல்ல, சரோஜா பெயருக்கே அனுப்பப் போகிறேன். உள்ளே என்ன சாமான் என்று குமாஸ்தா கேட்பான். சமையல் பொருளா, மருந்தா, சாயமா என்று அவனோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்கத் தயார். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: உனக்கே இஷ்டமானால் பத்திரமாக வைத்திரு, இல்லையானால் குழம்பில் போட்டுவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று.

'குழம்பு நன்றாக இருந்தது, பாவா' என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும். தை மாதத்துக்குள் ஊர் போய்ச் சேரும் கப்பலுக்கு நான் சீட்டு வாங்கமாட்டேன்.